உள்வடிவமைப்பு படித்தவர்க்கு வழி எங்கே?

(கட்டுரையாளர்: முன்னாள் மாணவி, உள்அலங்காரப் பிரிவு)

"அக்கா, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணும். எங்க பிரிவுப் பிள்ளைங்க படிச்சு முடிச்சா என்னென்ன வாய்ப்பு இருக்குன்னு எழுதிக் கொடுங்க" என்று மாணவர் பேரவைச் செயலாளர் தம்பி தொலைபேசியில் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, வாய்ப்புகளை வரிசையாக எழுதுவது பெரிய வேலை இல்லை என்று. அந்த வாய்ப்பு வாசலில் வந்து நிற்கும்போது நம் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்வதுதான் கடினம். ஆகவே நான் வாங்கிய முதல் அடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அலமாரி உள்ளே போகவில்லை

டிப்ளமா முடித்த வருடம், ஒரு வீட்டில் படுக்கையறை அலமாரிக்கு வரைபடம் போடும் வேலை கிடைத்தது. இரண்டு சுவருக்கு நடுவில் 7 அடி இடைவெளி. நாடாவைப் பிடித்தேன், நெஞ்சு உயரத்தில் ஒரே ஒரு தடவை. 2,134 மில்லிமீட்டர். பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் விட்டு 2,128 என்று எழுதி, வண்ணம் தீட்டி, நிழல் எல்லாம் போட்டு அழகாகக் கொடுத்தேன். வீட்டுக்காரர் அசந்துபோனார். ஆசாரி ஒன்றும் பேசவில்லை. பட்டறையிலேயே செய்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

உள்ளே போகவில்லை. கீழே போனது, மேலே இடித்தது. அப்புறம் அளந்து பார்த்தால் தரையில் 2,140, நடுவில் 2,134, மேலே 2,112. பூச்சு வேலை செய்தவர் மேலே கொஞ்சம் கனமாகப் பூசியிருக்கிறார். வீடு பார்க்க நேராகத்தான் இருந்தது!

ஆசாரி பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, எத்தனை இடத்துல அளந்தீங்க?"

நான் சொன்ன பதிலை இங்கே எழுதத் தேவையில்லை. அலமாரியைப் பிரித்து, பக்கப் பலகையை வெட்டி, மைக்காவை மறுபடி ஒட்டியதில் என் சம்பளம் முழுக்கப் போனது. அது போக அப்பாவிடமும் கடன் வாங்கினேன். அன்று மாலை அந்த ஆசாரி எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். மூன்று வருடம் வகுப்பில் உட்கார்ந்து நான் கவனிக்காமல் விட்டதெல்லாம் அந்த அரை மணியில் வந்தது.

அகலத்தைத் தரையில், நடுவில், மேலே என மூன்று உயரத்தில் அளக்க வேண்டும். ஒவ்வொரு உயரத்திலும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. ஆக மொத்தம் ஆறு அளவு. ஆறில் எது சிறியதோ அதுதான் உங்கள் அளவு. உயரத்தை இடது, நடு, வலது என மூன்று இடத்தில். தூக்குக்குண்டு விட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலை சரியான செங்கோணம்தானா என்பதற்கு நம் பள்ளிக்கூடத்து 3-4-5 கணக்கே போதும். இரண்டடி ஆழ இடுக்கில் 4 அடி அளக்க இடம் ஏது என்று கேட்பீர்கள். 3-4-5ஐ ஆறால் பெருக்குங்கள். 18 அங்குலம், 24 அங்குலம், குறுக்கே 30 அங்குலம். குறுக்கு அளவு 30 வரவில்லை என்றால் மூலை கோணல். கோணல் இல்லாத மூலையை நான் இன்றுவரை அதிகம் பார்த்ததில்லை.

இத்தனையும் அளந்த பிறகும் அலமாரியைச் சுவர் முட்டச் செய்யக்கூடாது. பக்கத்துக்கு 20, 25 மில்லிமீட்டர் விட்டு, அந்த இடைவெளிக்கு ஒரு பட்டை வைத்து, சுவரின் வளைவுக்கு ஏற்றபடி அந்தப் பட்டையை இழைத்துப் பொருத்துவார்கள். கோணல் பட்டையோடு போய்விடும், அலமாரி நேராக நிற்கும்.

பத்து மில்லிமீட்டரில் பாதிப் பலகை

இதோடு சேர்ந்த இன்னொரு கணக்கு. ஒட்டுப்பலகை பொதுவாக 8 அடிக்கு 4 அடி. அதாவது 2,440க்கு 1,220 மில்லிமீட்டர், 32 சதுர அடி. கடையில் சதுர அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். அலமாரியின் ஆழம் 2 அடி என்று நாம் சாதாரணமாக எழுதிவிடுகிறோம். 2 அடி என்றால் ஏறத்தாழ 610 மில்லிமீட்டர். ஒரு பலகையில் இரண்டு பக்கப் பலகை வெட்ட வேண்டும் என்றால் 610ம் 610ம் 1,220. சரியாக வருகிறதே என்று தோன்றும். வராது. நடுவில் அறுக்கும் பிளேடு 3, 4 மில்லிமீட்டர் தின்றுவிடும். 1,224 வேண்டும், இருப்பதோ 1,220. ஆக ஒரு பலகைக்கு ஒரு பக்கம்தான் கிடைக்கும், மீதி துண்டாகக் கிடக்கும்.

அதே ஆழத்தை 600 என்று எழுதியிருந்தால்? 600ம் 600ம் 4ம் 1,204. இரண்டும் தாராளமாக வந்துவிடும். பத்து மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட பாதிப் பலகை மிச்சம். மாட்டுகிற சட்டைக்கு இந்த வித்தியாசம் தெரியாது, வீட்டுக்காரரின் பைக்குத் தெரியும். எந்தத் துண்டு எந்தப் பலகையில் எப்படி வரும் என்று வரைந்து, கீழே துண்டுகளின் அளவை அட்டவணையாக எழுதினால் அதுதான் வெட்டுப்பட்டியல். இது ஒன்று கையில் இருந்தால் ஆசாரி உங்களை மதிப்பார். ஆசாரி மதித்தால் ஒப்பந்தக்காரர் கூப்பிடுவார்.

பலகையின் தரமும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் 303 என்பது பொது உபயோக ஒட்டுப்பலகை, 710 என்பது மரைன் என்று நாம் சொல்லும் நீர் தாங்கும் பலகை. சமையலறைத் தொட்டிக்கு அடியில் எதைப் போடுவது என்று நேர்முகத்தில் கேட்பார்கள். விழிக்காதீர்கள்.

முதல் வாசல்: தொழிற்பழகுநர் பயிற்சி

இனி வாய்ப்புக்கு வருகிறேன். நம்மில் பலர் கவனிக்காமல் விடும் வழி இது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, டிப்ளமா முடித்தவர் ஒரு நிறுவனத்தில் ஓராண்டு உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம். தென்மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019இல் விதியைத் திருத்தியபோது டிப்ளமாக்காரர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய் ஆனது. அதில் பாதியை மத்திய அரசே நிறுவனத்துக்குத் திருப்பித் தருவதாக ஏற்பாடு. ஆகவே சின்ன அலுவலகத்துக்கும் உங்களை எடுப்பது பெரிய சுமை இல்லை. இதை நீங்களே அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம். பல இடங்களில் அவர்களுக்கே இது தெரியாது.

ஒரு விஷயத்தை மறந்துவிடக்கூடாது. படிப்பு முடித்து ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் சேர்ந்துவிட்டால் இந்தத் திட்டத்தில் சேர முடியாது. "கொஞ்ச நாள் எங்கயாவது வேலை பார்த்துட்டு அப்புறம் பயிற்சிக்குப் போறேன்" என்று சொன்னவர்கள் ஏமாந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

என்ன பெயர் போட்டுக்கொள்வது?

பெயர்ப்பலகை விஷயம் ஒன்று. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். அந்த வேலையை மற்றவர் செய்வதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை, பட்டத்தைத்தான் காக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. ஆகவே இன்டீரியர் டிசைனர் என்று தைரியமாகப் போடுங்கள். "இன்டீரியர் ஆர்க்கிடெக்ட்" என்று அட்டை அடித்துக்கொண்டு வம்பை விலைக்கு வாங்காதீர்கள். அதே 1972இல் மும்பையில் தொடங்கிய இந்திய உள்வடிவமைப்பாளர் கழகம் நம் துறைக்கான அமைப்பு. சென்னையிலும் கோவையிலும் கிளைகள் உண்டு. மாணவராக இருக்கும்போதே அவர்களுடைய கூட்டங்களுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். வேலை காலி இருப்பது விளம்பரத்துக்கு வருமுன் தேநீர் இடைவேளையில் காதில் விழும்.

போட்டிகளும் சிறிய எழுத்தும்

போட்டிகளில் உலகத் திறன் போட்டி முக்கியமானது. இரண்டாண்டுக்கு ஒரு தடவை நடப்பது. 2024இல் பிரான்சின் லியோனில் நடந்தது, 2026க்குச் சீனத்து ஷாங்காய். அலமாரி செய்தல், தச்சு இணைப்பு, சுவர்-தரை ஓடு பதித்தல், வண்ணப்பூச்சு, கடைக் காட்சியமைப்பு என்று நம் பக்கத்துப் பிரிவுகள் அதில் நிறையவே உண்டு. மாநில, தேசியச் சுற்றுகளில் தேறித்தான் அங்கே போக முடியும். பெரும்பாலான பிரிவுகளுக்குப் போட்டி நடக்கும் ஆண்டில் வயது 22க்குள் இருக்க வேண்டும். அதனால் பாலிடெக்னிக் படிக்கும்போதே முயல வேண்டியது இது. இரண்டாவது, நிப்பான் பெயின்ட் நிறுவனம் 2008இல் தொடங்கிய ஆசிய இளம் வடிவமைப்பாளர் விருது. அதில் உள்வடிவமைப்புக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாப் போட்டியும் ஒன்றல்ல. நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஒரு கடை நடத்திய வடிவமைப்புப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டி ஒரு புத்தக அடுக்கு வரைந்து அனுப்பினேன். பரிசு வரவில்லை. எட்டு மாதம் கழித்து அதே அடுக்கு அந்தக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் விலைச்சீட்டோடு நின்றது. ஓரத்து வளைவுகூட மாறவில்லை. விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தால், அனுப்பும் எல்லா வரைபடங்களின் உரிமையும் நடத்துவோரையே சேரும் என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரைபடமும் கலைப்படைப்புதான். வரைந்தவரே அதன் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வரைந்தால் முதலாளிக்குப் போகும். மற்றபடி உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவதென்றால் எழுத்தில் கையெழுத்தோடுதான் மாற்ற முடியும். ஆகவே கையெழுத்துப் போடுமுன் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வென்றவரின் உரிமையை மட்டும் கேட்டால் யோசிக்கலாம். தோற்றவர்களின் படத்தையும் சேர்த்துக் கேட்டால் அது போட்டி இல்லை, மலிவு விலைக்குப் படம் வாங்கும் வழி.

மேலே படிக்க

பி.ஆர்க். படிக்க, கணிதத்தைப் பாடமாகக் கொண்ட, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய மூன்றாண்டு டிப்ளமாவும் தகுதிதான். நாட்டா தேர்வு எழுத வேண்டும். ஐ.ஐ.டி. முதலிய இடங்களில் இளநிலை வடிவமைப்புக்கு 2015 முதல் நடக்கும் யூசீட் தேர்வுக்கும் மூன்றாண்டு டிப்ளமாவை ஏற்கிறார்கள். ஆனால் முதுநிலைக்கான சீட் தேர்வில் கவனம் வேண்டும். அது பிளஸ் டூவுக்குப் பிறகு குறைந்தது மூன்றாண்டு படித்திருக்க வேண்டும் என்கிறது. பத்தாவது முடித்து மூன்றாண்டு படித்த நமக்கு அது நேரடியாகப் பொருந்தாது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் குழம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். உள்வடிவமைப்புக்கென்றே படிக்க விரும்பினால் அகமதாபாத்தில் இரண்டு இடம். 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் ஒன்று. 1991இல் உள்வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கிய செப்ட் மற்றொன்று.

தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்த கதையிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்தியாவைச் சுற்றிப் பார்த்து 1958இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் வியந்து எழுதியது அரண்மனையைப் பற்றி அல்ல, நம் வீட்டுச் சொம்பைப் பற்றி. எவ்வளவு தண்ணீர் கொள்ளும், எந்தக் கைக்குப் பொருந்தும், இடுப்பில் எப்படி உட்காரும், சாய்த்தால் எப்படி ஊற்றும் என்று கேள்வியாக அடுக்கினார்கள். அழகைப் பற்றிய பேச்சு அளவில்தான் போய் முடிந்தது. அந்த அறிக்கையின் விளைவாக வந்ததுதான் அகமதாபாத் நிறுவனம்.

சொந்தத் தொழில் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசின் புதிய தொழில்முனைவோர் திட்டம் 2012 முதல் இருக்கிறது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் திட்ட மதிப்பில் 25 விழுக்காடு மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கவும். தூத்துக்குடியில் 1,100 ஏக்கருக்கு மேல் சர்வதேச மரச்சாமான் பூங்காவுக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த மாதிரித் தொழிற்சாலைகள் கேட்கப்போவது வண்ணப்படத்தை அல்ல, வெட்டுப்பட்டியலை.

யாரும் தொடாத வேலை ஒன்று

கடைசியாக, நான் இப்போது அதிகம் செய்யும் வேலையைச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்கள் எல்லோரும் நுழையத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்கான அளவுகளை மத்திய அரசு 2021இல் வழிகாட்டு நெறிகளாக வெளியிட்டது. வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய நெறிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவமனை, வங்கி, பள்ளி, கடை எல்லாவற்றுக்கும் இனி யாராவது போய் அளக்க வேண்டும். அளக்க ஆள் இல்லை.

நம் நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். நான் படித்தபோது வாசலில் மூன்று படி. ஒவ்வொன்றும் 150 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்தால் மொத்தம் 450. சாய்தளத்தின் சரிவு 1க்கு 12க்கு மேல் செங்குத்தாகக் கூடாது. 450ஐ 12ஆல் பெருக்கினால் 5,400 மில்லிமீட்டர், அதாவது 5.4 மீட்டர். மேலும் கீழும் சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் சமதளம் வேண்டும். ஆக 8.4 மீட்டர். நூலக வாசலுக்கு முன்னால் அவ்வளவு நீளம் இருக்கிறதா? இல்லையென்றால் நடுவில் ஒரு திருப்பம் வைக்க வேண்டும். எங்கே வைப்பது? வேப்பமரம் குறுக்கே வருமே? கதவைத் திறந்தால் 900 மில்லிமீட்டர் வழி கிடைக்கிறதா? உள்ளே புத்தக அடுக்குகளுக்கு நடுவே நாற்காலி திரும்புமா?

பல கடை வாசல்களில் இரண்டடி நீளத்துக்கு ஒரு சிமென்ட் சரிவைப் போட்டுவிட்டுச் சாய்தளம் என்று சொல்கிறார்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி வேண்டும், போட்டிருப்பது இரண்டடி. அதில் இருசக்கர வண்டி ஏறும், மனிதர் ஏற முடியாது. போன வருடம் ஒரு மருத்துவமனைக்கு அளக்கப் போனபோது, சக்கர நாற்காலியிலிருந்த ஒரு பெரியவரை இரண்டு பேர் அலாக்காகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கட்டடத்துக்கும் யாரோ ஒருவர் வரைபடம் போட்டுச் சம்பளம் வாங்கியிருப்பார்.

நம் நூலகத்தை மூன்று பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமையில் அளந்துவிடலாம். அளந்து, இருப்பதை ஒரு தாளில், வேண்டியதை ஒரு தாளில், செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதி முதல்வரிடம் கொடுங்கள். அவர் கட்டுகிறாரோ இல்லையோ, ஒரு நகல் உங்கள் கோப்பில் இருக்கட்டும். நேர்முகத்துக்குப் போகும்போது கணினியில் வரைந்த பளபளப்பான வரவேற்பறைப் படம் எல்லோரிடமும் இருக்கும். என் அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் நான் அதைப் பார்ப்பதில்லை. அளந்த குறிப்பேட்டைத்தான் கேட்கிறேன். அழுக்கான, அடித்துத் திருத்திய குறிப்பேடு என்றால் இன்னும் நல்லது. அந்த இடத்துக்கு நேரில் போயிருக்கிறார் என்று தெரியுமே.

கருவிகள்: 5 மீட்டர் நாடா ஒன்று, தூக்குக்குண்டு ஒன்று, மூலைமட்டம் ஒன்று, ரசமட்டம் ஒன்று. ரசமட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். கடை மேசையில் வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அதே இடத்தில் இடம் வலமாகத் திருப்பி வையுங்கள். குமிழ் முன்பு நின்ற பக்கமே நின்றால் மட்டம் சரி, கோணல் மேசையில்தான். பக்கம் மாறி நின்றால் மட்டமே கோணல், வேறு ஒன்று கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், இரண்டாவதையும் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குங்கள்.